முப்பத்து மூன்று இஞ்ச்

கோகிலவாணியிடம் யாரும் அதுவரை எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. பள்ளியில் எந்த குரூப் என்பதை ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். முதல் புடவையின் நிறத்தை அம்மா முடிவு செய்தாள். மாப்பிள்ளையைக்கூட அவள் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடுகள், அந்த லயமே கூடித் தேடிக்கொண்டிருந்தது, அவளைத் தவிர. ஆகவே நரிமட்டம் எஸ்டேட்டின் உதவி மேலாளர் வசந்த்குமார், பிக்கப் ஓட்டும் அவளிடம் ஆபீஸ் வாசலில் நின்ற வண்டியைக் காட்டி, "ஏனுங்க கோகிலா, இதுக்கு என்ன சைஸ் வீலு, என்ன சைஸ் டயருன்னு நீங்களே பாத்துச் சொல்லிப் போடுங்க" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டி செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, எட்டுப் பேர் உட்காரலாம். இன்ஜின் தங்கம், டயர்தான் வழுக்கைத் தலையாக இருந்தது. எஸ்டேட்டில் அதற்கு உடனே ஜீப் என்று பெயர் விழுந்தது. அங்கே மேடேறுகிற எதுவும் ஜீப்தான்.

பிக்கட்டி ஊருக்கு மேலே எஸ்டேட், எஸ்டேட்டுக்கும் மேலே மேல் லயம். அங்கிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் மூன்று கிலோமீட்டர் சோலைக்குள் இறங்கி வந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். போன ஆடியில் செல்வி என்பவள் பனிமூட்டத்தில் பாறை என்று நினைத்து ஒதுங்கப் போனது காட்டெருமையாக இருந்தது. அது எழுந்தது, இவள் ஓடினாள், விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அந்தக் கையால்தான் மேல் லயத்துக்கு ஜீப் வந்தது.

பெரிய துரை, அதாவது மேனேஜர், ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டிருந்தார். மாதக் கடைசியில் டிரிப் ஷீட்டைப் பார்ப்பார். பெண்கள் ஏறி வந்தால் வண்டி மேல் லயத்துக்கு, கோகிலவாணிக்கு டிரைவர் வேலை நிரந்தரம். ஏறாவிட்டால் வண்டி பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளுக்கு. பங்களாவுக்கு ஏற்கெனவே டிரைவர் உண்டு. அவள் பழையபடி கொழுந்து மூட்டை ஏற்றும் பிக்கப்புக்குப் போக வேண்டியதுதான்.

ஏறாமல் எங்கே போவார்கள் என்று கோகிலவாணி சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் குன்னூரில் ஜஸ்டஸ் கடைக்குப் போனாள்.

ஜஸ்டஸ் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக டயர் கடை வைத்திருப்பவர். பேசுவதற்கு முன் கையைத் துடைப்பார், துடைத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

"கம்பெனியில வந்தது இருபத்தொன்பது இஞ்ச் உயரம். முப்பது வரைக்கும் போலாம்மா. அகலம் கம்மியா எடு. உங்க சேத்துக்கு ஒல்லி டயர்தான். கீழ இறங்கிக் கெட்டி மண்ணைப் புடிச்சிக்கும். அகலமானது மேலயே மெதக்கும்."

"மெதந்தா நல்லதுதானேண்ணா? வீடியோவுல எல்லாம் அப்படித்தான் போறாங்க."

"அது மணலும்மா. நீ பாலைவனத்துக்கா போற, பிக்கட்டிக்குத்தான போற?"

ஆனால் கோகிலவாணியின் கண் ஏற்கெனவே மூலையில் போயிருந்தது. அங்கே முப்பத்து மூன்று இஞ்ச் டயர் நான்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கட்டை விரல் அளவு பட்டை பட்டையாக ரப்பர். ஒன்றை உருட்டி வந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். தொடைக்கு வந்தது. ஒரு வருடமாக லயத்து மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று, உலகத்தில் உள்ள மலையேறும் வண்டி வீடியோக்களையெல்லாம் பார்த்தவள் அவள். கேட்பாளா?

ரிம் விஷயத்தில் மட்டும் ஜஸ்டஸ் சொன்னதைக் கேட்டாள். ரிம் பெரிதானால் டயரின் சுவர் சின்னதாகும், கல்லில் இடித்தால் ரிம் நெளியும். பதினாறு இஞ்ச் ரிம்மே போதும். அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. மற்றதில் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை மறந்தாள்.

"டயரு நாலு இஞ்ச் ஏறுனா வண்டி ரெண்டு இஞ்ச்தான் ஏறும்," என்று ஜஸ்டஸ் கையைத் துடைத்தார். "ஆனா மேல உரசும். ஸ்பிரிங்குக்கு ரெண்டு இஞ்ச் கட்டை குடுக்கணும். ஆக நாலு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா பக்கத்துல உரசும், அதனால ஒடிப்பையும் குறைக்கணும். யோசிச்சுக்கோ."

"குடுங்கண்ணா. குறைங்கண்ணா. பக்கத்துல இருக்குற மிதிபடியையும் பின்னாடி இருக்குறதையும் கழட்டிடுங்க, கல்லுல தட்டும்."

எல்லாம் முடிந்ததும் ஒரு பொறுப்பான டிரைவராகச் சோதித்துப் பார்க்கவும் செய்தாள். காக்கி பேண்ட், ஷூ, இருபத்தேழு வயது. முன்பக்கம் ஏறி இறங்கினாள், பின்பக்கம் ஏறி இறங்கினாள். மாடிப்படி மாதிரி இருந்தது. வசந்த்குமார் வண்டியைப் பார்த்துவிட்டு மூன்று முறை சுற்றி வந்து, "கெத்துங்க" என்றார். கோயம்புத்தூரிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில் அவர் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அது. கோகிலாவின் பேரைச் சொல்லிப் பெரிய துரையிடம் வாதாடி இதை வாங்கியவரும் அவர்தான்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மேல் லயத்து முனையில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பெண்கள் வேலைக்குத் தயாராக வந்தார்கள். முதுகில் பை, தலையில் துணி, புடவைக்கு மேல் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இறுக்கிச் சுற்றிய படங்கு. பனியும் தேயிலைக் குச்சியும் உடம்பில் படாமலிருக்கக் கட்டும் அந்தத் தார்ப்பாய்த் துண்டை விடிகாலையில் வீட்டில் கட்டினால், சாயந்தரம்தான் அவிழ்ப்பார்கள். கோகிலவாணி டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, புதுப்பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்தாள். பின்னால் ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. குஷியில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள்.

சேற்றில் வண்டி எங்கும் நிற்கவில்லை. தண்ணீர்த்தொட்டி வளைவில் மட்டும் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் இரண்டு முறை பின்னால் எடுத்து எடுத்துத் திருப்பினாள். டிரிப் ஷீட்டில் எட்டு என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர். புதன் முதல் யாரும் இல்லை.

"சுகர் இருக்குல்ல பாப்பா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாள் பொன்னாயி. நாற்பத்தைந்து வயது, மேல் லயத்திலேயே அதிகக் கொழுந்து பறிப்பவள், வாயும் அதே வேகம்.

"ஈரத்தோட ஏறுனா உன் சீட்டு நாறிடும்" என்றாள் முறிந்த கை கூடிய செல்வி.

கோகிலவாணியின் அம்மா தெய்வம்மாகூட, "எல்லாரும் பேசிக்கிட்டு வாறாங்க, நான் மட்டும் எப்படி வண்டியில வாறது?" என்று நழுவினாள். வீட்டில் கேட்டால், "வண்டிக்கு என்ன கொறை? ராசா வண்டி" என்று நெட்டி முறித்தாள்.

மேல் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. லயத்துப் பிள்ளை ஒன்று தலையெடுக்கும்போது அதன் காரியத்தில் குறை சொல்லக்கூடாது. சொன்னால் விளங்காது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த காலத்திலிருந்து ஒருவரையொருவர் இப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கோகிலவாணி தினமும் காலையில் காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு இறங்க, நாற்பது பெண்கள் காட்டெருமைக் காட்டுக்குள் நடந்தபடி அவளுக்குக் கைகாட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவினாள். ஹோஸ் தண்ணீர் பேண்டை நனைத்ததும், கொடியில் கிடந்த அம்மாவின் படங்கை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெளிப்பக்கம் முடிந்தது. உள்ளே கூட்டலாம் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.

படங்கு முழங்காலைப் பிடித்து இழுத்தது. இன்னும் கொஞ்சம் எம்பினாள். கால்நுனி வண்டித் தரையைத் தொட்டு வழுக்க, முழங்கால் எலும்பு இரும்பு விளிம்பில் நங்கென்று இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்தாள். வலி ஒரு பக்கம், வெட்கம் அதைவிட. பேண்ட் போட்ட தன் காலை வைத்து நாற்பது பேருக்கு டயர் எடுத்திருக்கிறாள். டயர் எடுக்கும்போது அவர்களில் ஒருத்தியின் கால்கூட அவள் நினைவுக்கு வரவில்லை. அவளைப் பெற்றவளின் காலும் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனாள். வசந்த்குமார் டிரிப் ஷீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. எட்டு, மூணு, அப்புறம் வரிசையா சைபருங்க. துரை கேட்டா என்ன சொல்றது? சரி, ஒண்ணு பண்ணலாம். லேபருக்கு வண்டியில வரப் பிடிக்கலைன்னு எழுதிப் போடறேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. பிக்கப்புல பழையபடி ஓட்டிக்கலாங்க."

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 'சரிங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பேருக்கு ஒரு கீறல் விழாது. மேல் லயத்துப் பெண்கள் மட்டும் இனி எந்நாளும் நடப்பார்கள், வண்டி கொடுத்தும் ஏறாதவர்கள் என்ற பேரோடு.

"அவங்களுக்குப் பிடிக்காம இல்ல சார். ஏற முடியல. டயரை நான் தப்பா எடுத்துட்டேன்."

"யாராச்சும் கம்ப்ளெயிண்ட் பண்ணுனாங்களா?"

"பண்ண மாட்டாங்க சார். அதான் இத்தனை நாளாச்சு எனக்குத் தெரிய."

வசந்த்குமார் ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். அந்தப் பெரிய சக்கரங்களோடு அவர் எடுத்துக்கொண்ட படம் ஒன்று அவர் போன் முகப்பிலேயே இருந்தது. பெருமூச்சு விட்டார். "மாசம் முடிய இன்னும் பத்து நாள் கெடக்குதுங்க. ஆனா எஸ்டேட்டுல இன்னொரு செட்டு டயரெல்லாம் கேக்க முடியாது. எப்படியோ சரி பண்ணிப் போடுங்க."

அடுத்த ஞாயிறு, பொன்னாயி, செல்வி, தெய்வம்மா மூவரையும் குன்னூருக்கு அழைத்துப்போனாள். புடவையோடு, லயத்துத் திட்டிலிருந்து தாவி ஏறி வந்தார்கள்; படங்கு பைக்குள் இருந்தது. டயர் கடை வாசலில் அவர்கள் அதை எடுத்துக் கட்டத் தொடங்கியதும், மார்க்கெட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காய்கறியை மறந்து வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

ஜஸ்டஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே' என்பது அவர் தொண்டை வரை வந்தது தெரிந்தது. விழுங்கிவிட்டார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"வண்டியை இறக்கி இறக்கிப் பாக்க முடியாது. தரையை ஏத்திப் பாக்கலாம்," என்று சொல்லி, ஒரு இஞ்ச் கனமுள்ள அகலப் பலகைகள் சிலவற்றைக் கொண்டுவந்து பின்கதவின் கீழே வைத்தார். "முதல்ல பலகை இல்லாம ஏறுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா போடுவேன். எதுல சொகமா இருக்குன்னு சொல்லணும்."

பொன்னாயி கதவைப் பிடித்து, உதட்டைக் கடித்து, ஒரு காலை எப்படியோ மேலே போட்டு, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய்ச் சேர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றாள் மூச்சு வாங்க.

ஒரு பலகை போட்டார். "இதுவும் நல்லா இருக்கு." செல்விக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. தெய்வம்மா வண்டியைப் பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்றாள்.

கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. தன் பேண்டைச் சுருட்டி, ஒரு வாரமாகியும் கறுத்திருந்த முழங்காலைக் காட்டினாள். "பொய் சொல்லாதீங்கக்கா. படங்கு கட்டி நானும் ஏறிப் பாத்தேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொல்லி, வியாழக்கெழம மாசம் முடிஞ்சதும் என்னை வண்டியை விட்டு இறக்கிருவாங்க. நீங்க நடந்தே சாவீங்க. என்னைத் திட்டுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், ஒரு தடவை திட்டுங்க."

மார்க்கெட்டே பார்க்கிறது என்று அவள் கவலைப்படவில்லை.

பொன்னாயி அவளையே பார்த்தாள். பிறகு தெய்வம்மாவைப் பார்த்தாள். தெய்வம்மா மெல்லத் தலையசைத்தாள்.

"நெசமாத்தான் கேக்குறியா? அப்ப கேட்டுக்க," என்று பொன்னாயி இடுப்பில் கையை வைத்தாள். "மொத நாளே செல்வி என்னை மூட்டை ஏத்துற மாதிரி கீழருந்து முட்டுக் குடுத்துத் தள்ளுனா. என் முட்டியும் உன் முட்டி கலருதான். இறங்குறது அதுக்கு மேல, குதிக்கத்தான் வேணும், நான் என்ன கொரங்கா? தொட்டி வளைவுல நீ பின்னால எடுக்குறப்ப எங்களுக்குக் கண்ணுக்கு நேரா பள்ளந்தான் தெரியுது. உனக்கு முன்னால மலை தெரியும், ஜோரா இருப்ப. நான் கும்பிடாத சாமி இல்ல. சத்தம் போட்டா உனக்குக் கேக்குதா? பாட்டு வேற. படியைக் கழட்டுன புத்திசாலி எவ?"

"நாந்தான்க்கா."

"வெளங்கும்" என்றாள் பொன்னாயி.

தேர்ந்தெடுத்த நாளிலிருந்து யாருமே கோகிலவாணியிடம் அந்த வண்டியைப் பற்றி உண்மையாகப் பேசவில்லை. இப்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பலகையில் செல்வி திட்டினாள், மூன்றில் அம்மா திட்டினாள். நான்காவது பலகையில் பொன்னாயி ஒரு கையில் பையோடு, யாரையும் பிடிக்காமல் ஏறி உள்ளே போய் உட்கார்ந்து, "இது" என்றாள்.

ஜஸ்டஸ் கணக்குப் போட்டார். ஸ்பிரிங் கட்டையை எடுத்தால் இரண்டு இஞ்ச். டயரை முப்பதாக்கினால் ஒன்றரை. "மூணரை வருது. கம்பெனி சைஸே போட்டா நாலும் வரும். ஆனா வழியில கல்லு தட்டும்னு சொன்னியே, முப்பது இருக்கட்டும்."

"மிச்ச அரை இஞ்சுக்கு நான் எங்க போறது?" என்று வண்டிக்குள்ளிருந்து பொன்னாயி கேட்டாள். வாய் திறந்தவள் இனி மூடுவதாக இல்லை.

"பழைய மிதிபடி கடைக்குள்ளதான் கெடக்கு. மாட்டித் தரேன்மா."

இன்னொரு செட்டுக்கு எங்கே போவது என்பதுதான் மிச்சம். ஜஸ்டஸ் மசினகுடியில் சுஜித் என்ற ஜீப் டிரைவருக்கு போன் போட்டார். அவனிடம் இதே வண்டிதான். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய ஒல்லியான முப்பது இஞ்ச் டயர்களை வைத்துக்கொண்டு, பெரிய டயர் வேண்டும் என்று வாரா வாரம் ஜஸ்டஸை நச்சரித்துக்கொண்டிருந்தான். செட்டுக்கு செட்டு என்றதும் மூன்று மணிக்கெல்லாம் வந்து நின்றான்.

"இதுல ஏற முடியாது தம்பி. முட்டி போயிடும்" என்று கோகிலவாணி நேர்மையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"டூரிஸ்ட்டுக்கு உயரந்தான் சேச்சி வேணும். ஏணி வச்சிருவேன். ஏணியில ஏறுறதையும் போட்டோ எடுப்பாங்க" என்றான் சுஜித். அந்தப் பெரிய டயர்களைக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினான். ஸ்டியரிங் ஒடிப்பைப் பழையபடி ஆக்கி, படியை மாட்டி முடிக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை, கோகிலவாணி சீட்டில் உட்காரவில்லை. கீழே இறங்கி, பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எட்டுப் பேர், படங்கும் பையுமாக, படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால் என்று ஏறினார்கள். யாரும் சிரிக்கவில்லை, கூச்சலும் இல்லை. பஸ்ஸில் ஏறுவதுபோல் சாதாரணமாக ஏறினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தொட்டி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பியது. பெரட்டுக் களத்தில் வசந்த்குமார் காத்திருந்தார். சின்னச் சக்கரங்களைப் பார்த்ததில் அவர் முகம் ஒரு கணம் வாடியது உண்மை. ஆனால் எட்டுப் பேர் இறங்குவதைப் பார்த்ததும் தெளிந்தது.

"ஏனுங்கம்மா, வண்டி இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அத ஏன் கேக்குறீங்க தொர," என்று பொன்னாயி பையைத் தோளில் மாற்றினாள். "வேகமா ஓட்டுறா. பள்ளம் பாத்து இறக்க மாட்டேங்கிறா. பின் ஜன்னல் கண்ணாடி மேல ஏற மாட்டேங்குது, பனி காதுல அடிக்குது. பெஞ்சு ஒரு பக்கம் ஆடுது. பாட்டும் நல்லா இல்ல."

வசந்த்குமார் சங்கடத்தோடு கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை குறை சொல்றாங்களேங்க."

"ஆமாங்க சார்," என்றாள் அவள், வாய் காதுவரை போக. "எழுதிக்கோங்க."

"மிச்சத்தை சாயந்தரம் வீட்டுக்குப் போறப்ப சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பொன்னாயி பெயர் கொடுக்கப் போனாள்.

சாயந்தரம் ஜீப்புக்குப் பக்கத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். எட்டுப் பேருக்குமேல் ஏற்ற மாட்டேன் என்று கோகிலவாணி ஒற்றையாளாக நின்று அத்தனை பேரோடும் சண்டை போட்டாள். அன்றைக்கு அவள் மூன்று டிரிப் அடித்தாள்.